இரண்டு இடக்கை முடிச்சுகள்

நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியின் ஆண்டு மலரில் "ஓய்வு பெற்ற பழைய மாணவர்கள்" என்று ஒரு பகுதி உண்டு. இந்த வருடம் அதற்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. ஆனாலும் அந்தப் பகுதியில் என்னைச் சேர்த்ததில் தவறில்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவந்த இயந்திரங்கள் இரண்டும் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. இப்போது வெள்ளைக் கம்பளம் நெய்து அதன்மேல் நிறத்தை அச்சடித்துவிடுகிறார்கள். நிறம் நிறமாக நூலைப் பொறுக்கி வரிசை வைத்துச் சுற்ற ஆள் தேவையில்லை. வேலை ஓய்வு பெற்றுவிட்டது. அதனோடு நானும்.

மலர்க்குழுவிலிருந்து வந்த மாணவி, "இப்ப டெக்ஸ்டைல் டிப்ளமால பொண்ணுங்க நிறைய சேர்றாங்க மேடம். அவங்களுக்கு உபயோகமா எழுதுங்க" என்றாள். மூன்று விஷயங்களைப் பற்றி எழுதுகிறேன்: இயந்திரம், மேலாளர், ஒரு தவறு. மூன்றாவது நீண்டுவிடும். உபயோகமா என்று எனக்குத் தெரியாது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பருத்தியைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்; கம்பளத்துக்கு ஒரே ஒரு பாடம், அதுவும் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். பயிற்சிக்குப் போன ஆலையில் "லேடீஸ் மெஷின் பக்கம் வேண்டாம்" என்று சோதனைக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். நூல் எண்ணும் கண்ணாடியால் இழைகளை எண்ணுவதுதான் அங்கே என் வேலை. அந்தச் சிறு கண்ணாடி ஒன்றை எனக்கென்று வாங்கிக்கொண்டேன்.

வேலை கிடைத்த கம்பெனியின் தறிகள் சென்னைக்கு வெளியே இருந்தன. நூல் வரிசை வைத்துச் சுற்றும் பகுதியை மட்டும் பழவேற்காட்டில் வைத்திருந்தார்கள். நேர்முகத் தேர்வில் அதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்கள். ஒன்று, அங்குள்ள மீனவர் குப்பத்துப் பெண்களுக்கு வலை பின்னிப் பழகிய விரல்கள். இரண்டு, ஒரு பழைய வியாபாரக் குடும்பத்தின் கிடங்கு அங்கே காலியாகக் கிடந்தது. மூன்று, கூலி. போன பிறகு இந்த மூன்றையும் தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

இனி இயந்திரம். இந்த வகைக் கம்பளத்தில் ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் தனியாக ஒரு ஸ்பூல் உண்டு. ஸ்பூல் என்பது நீண்ட உருளை. அந்த வரிசையில் இடமிருந்து வலமாக என்னென்ன நிறம் வர வேண்டுமோ அதே ஒழுங்கில் நூல்கள் பக்கம் பக்கமாக அதில் சுற்றப்பட்டிருக்கும். டிசைனில் எத்தனை வரிசையோ அத்தனை ஸ்பூல். தறியில் அவை சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்று இறங்கிவந்து, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வரிசை நூலைக் கொடுத்துவிட்டு மேலே போகும். கடைசி ஸ்பூல் போனதும் மறுபடி முதல் ஸ்பூல் வரும். ஆகவே ஒரு ஸ்பூலில் ஒரு நூல் இடம் மாறிப்போனால் அந்தத் தவறு ஒரு முறையோடு நிற்காது. பூ வரும்போதெல்லாம் அதுவும் வரும்.

எங்கள் கிடங்கில் நடந்தது இதுதான். ஒருத்தி கட்டத்தாளைப் பார்த்து நிறங்களைச் சத்தமாகச் சொல்லுவாள்: செவப்பு மூணு, கறுப்பு ஒண்ணு, மண்ணு நெறம் ரெண்டு. ஊருக்குள்ளிருந்து வந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள் இருவர் இந்த வேலையைச் செய்தார்கள்; அவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். குப்பத்துப் பெண் ஒருத்தி கேட்கக் கேட்க நூல் சுற்றிய பாபின்களை எடுத்துச் சட்டத்தில் குத்திக்கொண்டே போவாள். பிறகு நூல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒரு நீண்ட சீப்பின் பற்களுக்கு நடுவே இழுத்து ஸ்பூலில் மாட்டுவார்கள். சுற்றுபவள் பெடலை மிதிப்பாள். எல்லா நூலும் ஒரே இறுக்கத்தில் சுற்ற வேண்டும். நூல் அறுந்தால் உடனே காலை எடுத்து, அறுந்த நுனிகளைத் தேடி முடிந்து, முடிச்சின் வாலை அரிசி நீளத்துக்கு வெட்ட வேண்டும்.

முதல் நாள் அந்த முடிச்சை நான் போட்டுக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகம்மா என்று ஒரு பெண், அந்தக் குப்பத்துப் பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத்தக் காட்டவா டீச்சர் பொன்னேரி பஸ்ஸு புட்சி வந்தே? இது வலை முடிச்சு. நாங்க தூங்கிகினே போடுவோம்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். படித்த பெண் ஒருத்தி பஸ்ஸில் வந்து இறங்கினால் அவள் டீச்சர்தான் என்று முடிவாகியிருந்தது.

மேலாளர் தாமோதரன் சார். பல வருடம் கல்கத்தா சணல் ஆலையில் இருந்தவர். உப்புக்காற்றில் எங்களுக்கெல்லாம் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; அவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டுதான் வருவார். வாரம் ஒரு முறை சென்னையிலிருந்து வருவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்று நடப்பார். பிறகு ஏதாவது ஒரு ஸ்பூலை எடுத்து, கண்ணை மூடி, கட்டை விரல் நகத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுப்பார். இறுக்கம் குறைந்த நூலில் நகம் போகும்போது சத்தம் மாறும். அங்கே நிறுத்திவிடுவார். திட்டமாட்டார். ஸ்பூலை என் மேஜைமேல் வைத்துவிட்டு, குறை எது என்று நானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை நிற்பார். பதில் தெரியாத கேள்வியை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த நாளில் அதை ஒரு நல்ல குணமாக என் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

எங்களிடம் சுற்றும் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. ஜன்னல் பக்கம் இருந்ததில் வெளிச்சம் உண்டு, பிரேக் உடனே பிடிக்கும், சீப்பின் பற்கள் புதியவை. சுவர்ப் பக்கம் இருந்தது எதிலும் அதற்கு நேர்மாறு. ஸ்பூலுக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், எந்த இயந்திரத்தில் உட்காருகிறோம் என்பது சாதாரண விஷயம் இல்லை. யார் எதில் என்று வாரத் தொடக்கத்தில் கரும்பலகையில் எழுதிவைப்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். திரும்பிப் பார்த்தால் வேறு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கினேன். கிடங்கு வாசலில் பெண்கள் ஒரு மண்சட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். சட்டிக்குள் கழிவுநூல் துண்டுகள். ஆளுக்கு ஒரு நிறம். நிறம் போதாதவர்களுக்கு இரண்டு நிறம் சேர்த்து முறுக்கிய துண்டு. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"பாடு எடுக்கறோம் டீச்சர்" என்றாள் நாகம்மா. "ஜன்னலாண்ட கீறது நல்ல மெஷினு. செவுத்தாண்டது நோவு புட்ச்ச மெஷினு. ஒருத்தியே நல்லதுல குந்திகினு இருந்தா மத்தவளுக்கு வயிறு எரியாதா?"

"அப்போ நான் போர்டில் எழுதுவது?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். எழுத்து அயகாத்தான் கீது."

பாடு என்பது ஏரியில் மீன் பிடிப்பவர்களின் ஏற்பாடு. வலை கட்ட நல்ல இடம் எல்லா இடத்திலும் இல்லை. எந்த நாள் எந்த இடத்தில் யார் கட்டுவது என்பதை ஊர்கூடிச் சீட்டு எடுத்து, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு வரிசையில் பெயர் உள்ள குடும்பத்துக்கு ஏரியில் பங்கு உண்டு. விழுந்த முறையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மீறியவனோடு யாரும் தண்ணீருக்குப் போவதும் இல்லை. ஏரியில் அது ஆண்களின் விஷயம். பெண்கள் அதைக் கிடங்குக்குள் கொண்டுவந்திருந்தார்கள்.

தாமோதரன் சாரிடம் சொன்னேன். "வேலை நடக்குதாம்மா?" என்றார். நடக்கிறது என்றேன். "அப்ப நீங்க போர்டையும் எழுதுங்க. அவங்க எடுக்கறத எடுக்கட்டும்" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

கன்னியம்மாவையும் மரகதத்தையும் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கன்னியம்மாவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. உயரம், பெரிய எலும்பு, மெதுவான கை. அவள் சுற்றிய ஸ்பூலில் தாமோதரன் சாரின் நகம் நின்றதே இல்லை. ஆனால் மற்றவர்கள் மூன்று முடிக்கும்போது அவள் இரண்டுதான் முடிப்பாள். அவள் கணவன் ஏழுமலை படகு தள்ளும்போது இடுப்பு அடிபட்டுப் படுத்தவர். அவருடைய பாடு வரும் நாளில் அண்ணன் தம்பிகள் வலை கட்டி, பங்கைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது உரிமை இல்லை. ஊர் சும்மா இருக்கும்வரை கிடைப்பது.

மரகதம் அந்தக் குப்பத்துக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண். இடக்கைக்காரி. பகுதியிலேயே வேகமான கை அவளுடையது. மற்றவர்கள் அவளை அதற்காகவே ஓட்டுவார்கள்.

"ஏய் பீச்சாங்கை, சோறு எந்தக் கையால துன்றே?"

"உன் கையால ஊட்டேன், துன்றேன்" என்பாள், பாபினிலிருந்து கண்ணை எடுக்காமல். கன்னியம்மா மட்டும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஜன்னல் பக்கப் பாடு மரகதத்துக்கு வந்தது. சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். பிற்பகலிலேயே இருட்டு. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. வரும்போது இயந்திரம் ஓர் உதறு உதறும். நூல்கள் பட்பட்டென்று அறும். எல்லாரும் முடிந்து முடிந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப் பக்க இயந்திரத்தின் பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்பூல்கள் மறுநாள் லாரியில் போயின.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் தாமோதரன் சார் தன் முறை இல்லாத நாளில் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கம்பளத் துண்டு. தரையில் விரித்தார். முழங்கால் மடித்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, ஒவ்வொரு பூவாக ஒரே இடத்தில் வட்டம் போட்டார். எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே தவறு. இதழின் ஓரத்தில் அரக்குச் சிவப்பு வர வேண்டிய இடத்தில் மண்ணிறம், மண்ணிறத்தின் இடத்தில் அரக்கு. பக்கத்துப் பக்கத்து நூல்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. துண்டின் மேல்பாகத்தில் தவறு நின்று, பூக்கள் சரியாக வர ஆரம்பித்தன.

"பெரிய கூட்ட மண்டபத்துக்குப் போன சரக்கு. எல்லா ரோலும் திரும்பி வந்துடுச்சு" என்றார். பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். இயந்திரங்கள் நின்றிருந்தன. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

ஒவ்வொரு ஸ்பூலிலும் சுற்றியவளின் எண் பொறித்த பித்தளை வில்லை கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஸ்பூலின் வில்லையை அவர் எடுத்துக் காட்டினார். நாகம்மா எட்டிப் பார்த்தாள்.

"அது நம்ம சின்னப்பொண்ணோடது சார். அவ மூணு மாசமா ஆத்தா வூட்ல. புள்ள பெக்கப் பூட்டா."

"அப்ப இது எப்படி இதுல வந்துது?"

"ஆணியில மாட்டியிருந்துது. எவளோ எட்த்துக் கட்டிகினா."

யாரோ பின்னாலிருந்து சிரிப்பை அடக்கினார்கள். தாமோதரன் சார் வில்லையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்" என்றார். "இல்லேன்னா இந்தப் பகுதியையே மெட்ராஸுக்கு எடுத்துடலாம்னு ஆபீஸ்ல பேசறாங்க." கம்பளத் துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று எல்லாரும் போன பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தவற்றை ஒழுங்காக வைத்துப் பார்த்தேன். பாபின் குத்தும்போது தவறியிருந்தால் ஸ்பூல் முழுவதும் தவறு இருக்கும்; தவறு நடுவில் நிற்காது. ஆகவே சுற்றும்போது நடந்தது. சுற்றுகையில் கடைசியில் ஏறிய நூல்தான் தறியில் முதலில் இறங்கும். ஆகவே தவறு தொடங்கிய கணம், கம்பளத்தில் தவறு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஊசியால் நூல்களை விலக்கினேன். இரண்டு முடிச்சுகள், பக்கத்தில் பக்கத்தில்.

பக்கத்து நூல்கள் இரண்டும் ஒரே உதறலில் அறுந்திருக்கின்றன. நான்கு நுனிகள். இருட்டில் அரக்கும் மண்ணிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வலை கிழிந்தால் எந்த நுனியை எந்த நுனியோடு கட்டினாலும் கண் அடைந்துவிடும், மீன் போகாது. சின்ன வயதிலிருந்து அப்படிக் கட்டிப் பழகிய கை அது. கைக்குக் கிடைத்ததைக் கட்டிவிட்டது. முடிச்சுகள் உறுதியாக, அழகாக, வால் அரிசி நீளத்தில் இருந்தன. கண்ணாடியை நெருக்கி இன்னொரு முறை பார்த்தேன். மற்றவர்கள் முடிச்சில் நூல் வலமிருந்து வளைந்து உள்ளே போகும். இவை இரண்டிலும் இடமிருந்து போயிருந்தது. எங்கள் பகுதியில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் அவகாசம் இருந்தது. யோசிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை நாகம்மா என் மேஜைக்கு வந்தாள்.

"பேரு கேட்டாரே, எழுதிக்கோ. கன்னியம்மா."

"கன்னியம்மாவா செய்தாள்?"

"எவ செஞ்சாளோ எவளுக்குத் தெரியும்? அன்னிக்கு ஆளாளுக்குக் கட்டிகினு இருந்தோம். எல்லாரு பொயப்பும் போறதுக்கு ஒருத்தி போட்டும்னு பாடு எட்த்தோம். அவ நூலு வந்துது."

"இதுக்குமா பாடு?"

"வேற இன்னா பண்ணச் சொல்றே? ஒருத்திய ஒருத்தி காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

மரகதம் பின்னால் நின்றிருந்தாள். "பெரிம்மா, ஜன்னலாண்ட நாந்தானே அந்த வாரம்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ வாய மூடு" என்றாள் நாகம்மா திரும்பாமல். "சட்டியில கைய வுட்ட இல்ல? வுட்டாச்சு. இப்ப நீ ஒண்ணு சொல்லுவே, நாளைக்கு இன்னொருத்தி ஒண்ணு சொல்லுவா. அப்பறம் எதுக்குப் பாடு?"

மாலையில் கன்னியம்மாவைத் தேடிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். படகுத்துறையில் தண்ணீர் வற்றி, சேறு நாற்றம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே ஏழுமலை இருமுவது கேட்டது. முடிச்சுகளைப் பற்றிச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"நீ சொல்றது மெய்தான் டீச்சர். நான் கட்டல. கட்டியிருந்தா எனக்குத் தெரியும்."

"அதைத்தான் சாரிடம் சொல்லப் போகிறேன்."

"வாணாம். என் நூலும் சட்டியில கெடந்துது இல்ல? போடச்சொல்ல நான் வாணாம்னு சொல்லல. வந்ததுக்கப்பறம் வாணாம்னா இன்னா ஞாயம்?"

"செய்யாத தவறுக்கு வேலை போகிறதே."

அவள் இருமல் வந்த பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். குரலைத் தாழ்த்தினாள். "அவரு பங்கு ஊரு குடுக்கறது. பொண்டாட்டி பாடு மீறினா, நாளைக்குத் தண்ணியாண்ட எவனாவது வாயத் தொறப்பான், இவனுக்கு எதுக்குடா பாடுன்னு. கூலி போனா கருவாடு தூக்குவேன். பங்கு போனா இன்னா பண்ணுவேன், சொல்லு."

கிளம்பும்போது ஒரு காகிதத்தில் நாலு கருவாட்டை மடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தாமோதரன் சாரிடம் அந்தப் பெயரைக் கொடுக்கும்போது, அது உண்மை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முடிச்சைப் பார்த்தேன், கன்னியம்மாவின் கை இல்லை என்றேன்.

"அப்ப வேற யாருடையதுன்னு தெரியும்."

"தெரியும் சார். சொன்னா அந்தப் பொண்ணு போகும். யாருன்னு தெரியலைன்னு எழுத முடியுமான்னு கேட்கத்தான் வந்தேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, பிறகு மற்றதைத் துடைத்தார்.

"ஆபீஸுக்கு வேண்டியது தப்பு செஞ்ச ஆள் இல்லம்மா. ஒரு பேர். அவங்களே ஒரு பேர் குடுத்திருக்காங்க. ஒருத்தர் போய் மத்தவங்க பிழைக்கறாங்க. நீங்க ஏன் அதைக் கலைக்கறீங்க?"

அந்தப் பெண் யார் என்று அவர் வற்புறுத்திக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாததால், கேட்காமல் விட்டதற்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

கன்னியம்மா கடைசி நாள் முழுவதும் வேலை செய்தாள். சுவர்ப் பக்க இயந்திரம். ஆரம்பித்த ஸ்பூலை முடித்து, நுனிகளைச் சீவி, கத்தரிக்கோலை என் மேஜையில் வைத்தாள். அது கம்பெனியுடையது. பெண்கள் யாரும் வாசல்வரை வரவில்லை. அது கல்மனம் இல்லை. பாடு விழுந்து ஒருவன் போகும்போது கூட்டம் கூடினால், விழுந்ததைப் பற்றிப் பேச்சு வரும் என்பார்கள்.

பிறகு அவளைப் பொன்னேரி பஸ்ஸில் கூடையோடு பார்ப்பேன். நடத்துநர், "மீன் கூடைய மேல ஏத்து" என்று கத்துவார். அவள் பின்படிக்கட்டிலேயே நின்றுகொள்வாள். பேசினால் பேசுவாள். ஏழுமலையின் பங்கு வந்துகொண்டிருந்தது. கூலிக்கு ஈடாக அது போதவில்லை என்பது மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சிய அவள் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கூலி நாட்களில் மரகதம் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். நாகம்மாதான் சொன்னாள். கன்னியம்மா திட்டவில்லையாம்; மோர் கொடுத்தாளாம். பணத்தை மட்டும் தொடவில்லையாம். "விழுந்தது எனக்கு. அத்த நீ காசு குட்த்து வாங்கப் பாக்காதே" என்றாளாம். மரகதம் மறுபடியும் போனாள். மறுபடியும் அப்படியே திரும்பி வந்தாள்.

அதன் பிறகு மரகதத்தின் கை மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு நுனியையும் கண்ணருகில் தூக்கிவைத்துப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போடுவாள். அறாத நூலையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். யாரும் அவளைப் பீச்சாங்கை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். வெயில் காலம் வந்தபோது நின்றுவிட்டாள். புருஷனோடு ஆந்திரா பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம் தாமோதரன் சார் வந்தார். ஒரு சுற்று நடந்தார். ஸ்பூல் எதையும் எடுக்கவில்லை.

"மரகதம் ஏன் நின்னுட்டா?"

"தெரியாது சார்" என்றேன்.

அவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவரை அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த முடிச்சை நானும் பார்த்தேன்மா. சரக்கு திரும்பி வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். அதனாலதான் தப்பு முடியற இடமாப் பார்த்து வெட்டச் சொன்னேன். நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பார்க்கலாம்னு."

நான் மேஜைமேல் இருந்த நூல் எண்ணும் கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இந்தப் பகுதியிலேயே வேகமான கை அது. அதை அனுப்பிட்டு மெதுவான கைய வெச்சுக்கறதா? யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அவங்களே அந்த அம்மா பேரைக் கொண்டாந்தாங்க. சரின்னு விட்டுட்டேன்." மணிக்கட்டுப் பொத்தானைத் திருகினார். "இப்ப ரெண்டும் போச்சு."

கணக்கில் ஒரு இலக்கம் தவறியதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் கெட்டவர் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. எழுதும்போது அது எனக்கு உதவியாகவும் இல்லை.

"அப்போ கன்னியம்மாவைத் திரும்பக் கூப்பிடலாமா சார்?"

"எப்படிம்மா? தப்பு செஞ்சவங்கன்னு ஆபீஸுக்கு எழுதியாச்சே."

அடுத்த திங்கட்கிழமை கிடங்கு வாசலில் யாரும் கூடி நிற்கவில்லை. நான் உள்ளே வந்தபோது, கரும்பலகையில் எழுதியிருந்தபடியே ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அது நடந்ததில்லை. ஜன்னல் பக்க இயந்திரம் மட்டும் காலி. அதற்கு நான் எழுதியிருந்த பெயர் நாகம்மா. அவள் பாபின் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"உன் பெயர்தானே எழுதியிருக்கிறேன்" என்றேன்.

"எழுதினா எழுதிக்கோ. அத்துல குந்தமாட்டேன்."

"சரி, வேண்டாம். பாடு எடுத்து யாராவது உட்காருங்கள்."

"அந்தச் சட்டியில இனிமே எவ டீச்சர் கைய வுடுவா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு குனிந்து பாபின்களை நிறம் பிரிக்க ஆரம்பித்தாள்.

அன்று போக வேண்டிய ஸ்பூல்கள் பாக்கி இருந்தன. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுவதும் அதை நானே ஓட்டினேன். ஜன்னல்கள் திறந்திருந்தன, ஏரியிலிருந்து காற்று வந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. எனக்குப் பின்னால் யாரும் ஒருவரையொருவர் கேலி செய்யவில்லை. பிரேக் மிதித்த இடத்தில் பிடித்தது. நூல் அதிகம் அறவில்லை. மெஷின் நன்றாக ஓடியது.